என்ஜினுக்கு நாடி பார்ப்போம்

இறுதியாண்டு, ஆட்டோமொபைல் துறை



வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்ரஷன் குறைஞ்சா என்னப்பா காரணம்?" நாமும் மூச்சு விடாமல் ஒப்பிப்போம்: "ரிங்ஸ் தேய்மானம் சார், வால்வு லீக் சார், ஹெட் கேஸ்கெட் சார்." மார்க் விழுந்துவிடும். பட்டறையில் கதை வேறு. அங்கே கேள்வியே, "இந்த மூணுல எது? எப்படித் தெரியும்?" என்பதுதான். அதற்குத் தப்பாகப் பதில் சொன்னால் நமக்கு மார்க் குறையாது; வண்டிக்காரரின் பணம் போகும்.

அப்படிப் போக இருந்த பணம் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கூடவே, பழைய டர்போ கார் ஒன்றில் கம்ப்ரஷன் குறைவை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதையும் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

வந்த வண்டி

எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டருக்குத் தெரிந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியைத் துறைக்குக் கொண்டுவந்தார். 2009 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல். ஃபியட் வடிவமைத்து, 'மல்ட்டிஜெட்' என்று பெயரிட்ட என்ஜின் வகை அது. நம் நாட்டில் பல கம்பெனி கார்களில் அது பூட்டப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததோடு புதிய கார்களில் அதற்கு இடமில்லாமல் போனது. ஆனால் சாலையில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேலை செய்யப் போவது நாம்தான்.

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், கிளம்பியதும் வெள்ளைப் புகை, ஐடிலில் ஒரு நடுக்கம், மேட்டில் இழுவை இல்லை. இவைதாம் குறைகள். வெளியே ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்.

"மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் இல்லேன்னுட்டாங்க தம்பி. ஆயில் ஊத்திப் பார்த்தாங்க, முள்ளு ஏறுச்சு. அப்ப ரிங்ஸ்தான், என்ஜினை இறக்கணும், அறுபதாயிரம் ஆகும்கிறாங்க."

வீட்டு நகையை அடகு வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். "சொன்னது சரின்னா வச்சுடறேன், சார். சரிதானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கம்ப்ரஷன் ஏன் முக்கியம்?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். இந்த என்ஜினின் போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1248 சி.சி. ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. கம்ப்ரஷன் ரேஷியோ 17.6. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது காற்றின் சூடு 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். காற்று எங்காவது கசிந்தால் அழுத்தம் குறையும், சூடும் குறையும். உள்ளே போன டீசல் எரியாமல் ஆவியாகி வெளியே வரும். காலை நேரத்து வெள்ளைப் புகைக்கு இது ஒரு காரணம்.

டர்போவின் பங்கு என்ன?

டர்போ வண்டி என்றவுடன் எல்லாப் பழியும் டர்போ மேல் போய் விழும். மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்வோம்.

ஒன்று: செல்ஃப் அடிக்கும்போது டர்போ வேலை செய்வதில்லை. லோடில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைனை, செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகத்தில் வரும் காற்று உருட்டாது. ஆகவே கேஜில் முள் குறைந்தால் அது டர்போவின் குற்றம் அல்ல.

இரண்டு: டர்போவும் ரிங்ஸும் ஒன்றுபோலவே நடிக்கும். நீலப் புகை வந்தால் ரிங்ஸ் வழியாக ஆயில் ஏறலாம். டர்போ சீல் வழியாகவும் இறங்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ரிங்ஸ் தேய்ந்து எரிவாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கினால் அங்கே அழுத்தம் கூடும். டர்போவிலிருந்து ஆயில் தன் கனத்தாலேயே கீழே வடிய வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் வடியாது. வடியாத ஆயில் சீலைத் தாண்டி வெளியேறும். உடனே டர்போவை மாற்றுவார்கள். புது டர்போவும் ஒழுகும். கோளாறு கீழே இருக்க, செலவு மேலே நடக்கும்.

மூன்று: ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸ் கிழிந்தால் மண் நேராக உள்ளே போகும். அது முதலில் டர்போவின் கம்ப்ரசர் இறக்கையில் அடிக்கும், பிறகு லைனரையும் ரிங்ஸையும் அரைக்கும். ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கைகளின் முன் விளிம்பு மழுங்கியிருந்தால், கீழே ரிங்ஸ் தேய்ந்திருக்கும் என்று சந்தேகப்பட இடம் உண்டு.

இந்த வண்டியில் ஹோஸ் நன்றாக இருந்தது. இறக்கை விளிம்புகளும் கூர்மையாக இருந்தன.

முதல் படி: காது, கண், மூக்கு

ஸ்பானரை எடுக்கும் முன் செல்ஃப் அடிக்கும் தாளத்தைக் கேட்க வேண்டும். நான்கு சிலிண்டரும் சமமாக இருந்தால் ஒரே சீராக ஒலிக்கும். ஒன்று பலவீனமானால் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று ஓடிவிடும். பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டி, ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டை ஸ்கோப்பில் பார்த்தாலும் இதே விஷயம் படமாகத் தெரியும்: மூன்று உயர்ந்த மேடு, ஒரு தாழ்ந்த மேடு. எந்தச் சிலிண்டர் பலவீனம் என்று இது காட்டும். ஏன் என்று காட்டாது.

அடுத்து ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். பழைய டீசலில் லேசான ஆவி வரும், அது இயல்பு. குபுகுபுவென்று தள்ளினால்தான் ரிங்ஸ் மேல் சந்தேகம். இதில் தள்ளவில்லை. "ரிங்ஸ் இந்த அளவுக்குப் போயிருந்தா இங்கே அடுப்பு மாதிரி புகையணுமே?" என்றார் இன்ஸ்ட்ரக்டர். எங்கள் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது.

இரண்டாம் படி: கம்ப்ரஷன் டெஸ்ட்

டெஸ்டுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை:

1. பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நான்கு சிலிண்டரும் குறைவாகக் காட்டும்.

2. என்ஜின் ஓடிச் சூடேறியிருக்க வேண்டும்.

3. எல்லா ஹீட்டர் பிளக்கையும் கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட்டில் இவை பிடித்துக்கொண்டு ஒடிந்துவிடும்; ஒடிந்தால் புது வேலை. சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் ஆயில் விட்டு, பொறுமையாகக் கழற்றுங்கள்.

4. டீசல் பாயாதபடி இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைப் பிரிக்க வேண்டும். காமன் ரெயில் குழாயை மட்டும் ஓடும் என்ஜினில் தளர்த்தவே கூடாது. உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் போகும். அந்த டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

5. டீசலுக்கு உரிய கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் பெரும்பாலும் 20 பாரோடு முடிந்துவிடும். டீசலில் அது உடையும். பெட்ரோல் என்ஜின் என்றால் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். முள் நிற்கும் இடத்தை மட்டும் எழுதாமல், முதல் அடியில் எவ்வளவு ஏறியது என்பதையும் எழுதுங்கள். முதல் அடியில் குறைவாகத் தொடங்கி, அடிக்கு அடி ஏறிக்கொண்டே போனால் ரிங்ஸ் பக்கம். குறைவாகத் தொடங்கிக் குறைவாகவே நின்றுவிட்டால் வால்வு, அல்லது வேறு நேரடிக் கசிவு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். நான்கும் சமமாகக் குறைந்தால் அவசரப்பட்டு என்ஜினைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி, அடைத்த ஏர் ஃபில்டர், இழுபட்ட டைமிங் செயின், கேஜ் இந்த நான்கையும் முதலில் பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்த அளவுகள், முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக: 26, 25, 17, 26 பார். சரியான வரம்பை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும் என்றாலும், நல்ல டீசல் என்ஜின் பொதுவாக 25 முதல் 30 பார் வரை காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே யோசிக்க வேண்டும். இங்கே மூன்றாவது சிலிண்டரில் முப்பத்தைந்து சதவீதம் குறைவு. முள் முதல் அடியிலேயே கீழே தொடங்கிக் கீழேயே நின்றது.

ஆகவே வெளியே சொன்னதில் பாதி உண்மை. மூன்றில் கம்ப்ரஷன் இல்லைதான். ஆனால் ரிங்ஸா?

ஆயில் ஊற்றியதில் வந்த ஏமாற்று

'வெட் டெஸ்ட்' நம் எல்லோருக்கும் தெரிந்ததே. சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்போம். ஆயில் ரிங்ஸைச் சுற்றி அடைப்பதால் முள் ஏறினால் ரிங்ஸ் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு கோளாறு. பெட்ரோல் என்ஜினுக்கு நல்ல சோதனை. டீசலுக்கு அது பொருந்தாது. ஏன் என்று இன்ஸ்ட்ரக்டர் எங்களையே கணக்குப் போடச் சொன்னார்.

ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் கொள்ளளவு 312 சி.சி. ரேஷியோ 17.6. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் 312-ஐ 16.6-ஆல் வகுத்தால் வருவது: 18.8 சி.சி. அவ்வளவுதான். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. ஆயில் விட்டால் மிஞ்சுவது 13.8 சி.சி. இப்போது ரேஷியோ என்ன? 325.8-ஐ 13.8-ஆல் வகுக்க, 23.6!

ரிங்ஸ் எப்படி இருந்தாலும் முள் ஏறத்தான் செய்யும். ஆயில் கசிவை அடைத்ததால் அல்ல, இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் திரவத்தை இறுக்க முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஒப்பிட்டுப் பாருங்கள்: ரேஷியோ 9 உள்ள 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜினில் அதே இடம் 56 சி.சி.; 5 மி.லி. விட்டால் ரேஷியோ 9.8 ஆகும், அவ்வளவே.

அந்தப் பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. முள் ஏறியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பெட்ரோல் வண்டியில் கற்ற பாடத்தை டீசலில் வைத்துப் பார்த்துவிட்டார். அறுபதாயிரம் ரூபாய் அந்த 5 மி.லி. ஆயிலில் நின்றது.

மூன்றாம் படி: லீக் டவுன் டெஸ்ட்

கம்ப்ரஷன் டெஸ்ட் 'எவ்வளவு' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்வது லீக் டவுன் டெஸ்ட். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, வெளியிலிருந்து காற்றை அடித்து, எத்தனை சதவீதம் கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது. இந்த என்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும் நிலையிலிருந்து கிராங்கை அரைச் சுற்று சுற்றினால் மூன்றாவது உச்சிக்கு வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. 69.6 மி.மீ. போர் என்றால் பிஸ்டன் பரப்பு 38 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தத்தில் காற்று விட்டால் பிஸ்டன் மேல் 266 கிலோ பாரம் உட்காரும். உச்சி கொஞ்சம் தவறினாலும் கிராங்க் சட்டென்று சுழலும். கிராங்க் புல்லியில் ஸ்பானரை மாட்டி வைத்துவிட்டுக் காற்றைத் திறந்தால் கை போய்விடும். காற்றை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும்.

பொதுவாக, பத்து சதவீதம் வரை கசிவு நல்லது, இருபது வரை ஓட்டலாம், முப்பதுக்கு மேல் போனால் கோளாறு. எங்கே சீறுகிறது என்பதை இப்படிப் படிக்க வேண்டும்:

1. ஆயில் மூடி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக: பிஸ்டன், ரிங்ஸ், லைனர்.

2. இன்டேக் பக்கம்: இன்டேக் வால்வு. டர்போ வண்டியில் ஒலி இன்டர்கூலர், கம்ப்ரசர் எல்லாம் சுற்றி வருவதால் மங்கிவிடும்; மேனிஃபோல்டுக்கு அருகில் உள்ள ஹோஸைக் கழற்றிக் கேளுங்கள்.

3. சைலன்சர் பக்கம்: எக்ஸாஸ்ட் வால்வு. இதிலும் டர்பைன் நடுவே நின்று ஒலியை அமுக்கும். இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் எக்ஸாஸ்ட் கசிவு இன்டேக் பக்கம் கேட்டு நம்மை ஏமாற்றும். அதை அடைத்துவிட்டுக் கேளுங்கள்.

4. ரேடியேட்டரில் குமிழி: ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல்.

5. பக்கத்துச் சிலிண்டரின் ஹீட்டர் பிளக் ஓட்டையில் காற்று: இரு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட்.

6. இன்ஜெக்டரின் அடிவாரம்: அதன் கீழ் உள்ள காப்பர் வாஷர்.

மற்ற மூன்று சிலிண்டரும் பத்து, பன்னிரண்டு சதவீதம் காட்டின. மூன்றாவது நாற்பதைத் தொட்டது. டிப்ஸ்டிக்கில் காதை வைத்தோம், அமைதி. இன்டேக், அமைதி. சைலன்சர், அமைதி. ரேடியேட்டரில் குமிழி இல்லை. பிறகு ஒரு மாணவன் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தடவினான். பஞ்சுமிட்டாய் மாதிரி நுரை பொங்கியது!

டார்ச் அடித்துப் பார்த்தால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்புக் கரி. முன்பு எப்போதோ இன்ஜெக்டரைச் சர்வீஸ் செய்தபோது பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக உட்காராது. என்ஜின் மேல் எந்தக் குறையும் இல்லை.

உறுதி செய்துகொள்வது

இதோடு நிறுத்தாமல், இன்ஜெக்டரை எடுத்துவிட்டு அந்த ஓட்டையிலேயே டம்மி இன்ஜெக்டர் மாட்டிக் கம்ப்ரஷனை அளந்தோம். 25 பார். ஹீட்டர் பிளக் ஓட்டையில் அளந்தபோது 17. அதே சிலிண்டர், அதே பிஸ்டன், அதே ரிங்ஸ். டம்மியைப் புது வாஷருடன் இறுக்கியபோது கசிந்த வழி அடைபட்டுவிட்டது. எந்த ஓட்டை வழியாக அளந்தோம் என்பதும் ஒரு சாட்சி என்று அன்றுதான் புரிந்தது. வெளியே இன்ஜெக்டர் ஓட்டையில் அளந்திருந்தால் கோளாறே தெரிந்திருக்காது. அதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு செய்தது எளிய வேலை. சிலிண்டருக்குள் கரி விழாதபடி அடைத்து, இன்ஜெக்டர் உட்காரும் தளத்தைக் கைக் கட்டரால் சுத்தம் செய்து, புது வாஷர், புது கிளாம்ப் போல்ட் போட்டு, மேனுவலில் சொன்ன டார்க்கில் இறுக்கினோம். ஹீட்டர் பிளக் ஓட்டையில் மறுபடி அளந்தால் 25 பார். வாஷர் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தார். "ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடுச்சு தம்பி. நகை வீட்டுலயே இருக்கு."

முடிவுரை

எல்லா வண்டியும் வாஷரோடு முடியாது. காற்று டிப்ஸ்டிக் வழியாக வந்திருந்தால் நாங்களும், "ரிங்ஸ்தான் அண்ணே, என்ஜினை இறக்கத்தான் வேணும்" என்றே சொல்லியிருப்போம். அதைச் சொல்லவும் தைரியம் வேண்டும். ஆனால் எங்கே கசிகிறது என்று பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

கம்ப்ரஷன் குறைவு என்பது நோயின் அறிகுறி. காய்ச்சல் இருக்கிறது என்பதற்காக எந்த வைத்தியரும் வயிற்றைக் கிழிப்பதில்லை. தாளம் கேள், நான்கு எண்களையும் எழுது, காற்று போகும் வழியைத் தேடு, வேறொரு சோதனையால் உறுதி செய், அதன் பிறகு ஸ்பானரை எடு. நாளை நம் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நாம் சொல்லப் போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்து நிற்பவருக்கு அந்த வண்டிதான் சோறு. அந்த வார்த்தையை அளந்து பார்த்துச் சொல்வோம்.